ஓவியத்தில் இருப்பவரின் சம்மதம்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓவியர், வயது 27. கொழும்பு வீடுகளில் தங்கி வேலை செய்யும் மலையகப் பெண்கள் பதினொரு பேரை இரண்டு ஆண்டுகளாகச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றைக் குறிப்பெடுத்து, ஒவ்வொருவரையும் ஓர் ஓவியமாக வரைந்திருக்கிறேன். மனித உரிமைகள் தினத்தை ஒட்டிய வாரத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்க ஒரு தனியார் காட்சிக்கூடம் இணங்கியிருக்கிறது. இப்போது சிக்கல்கள் எழுந்துள்ளன. வாய்மொழியாகச் சம்மதித்த பெண்களுள் ஒருவர் தன் ஓவியத்தை வைக்க வேண்டாம் என்கிறார்; தொடரில் அதுவே மிகச் சிறந்த ஓவியம். அந்த இடத்தில் வெறும் சட்டகத்தையாவது தொங்கவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னோர் ஓவியத்தில் கொழும்பு 7இல் உள்ள ஒரு வீட்டின் கேற் அப்படியே தெரிகிறது. காட்சிக்கூட உரிமையாளர் அதையும் சில விளக்கக் குறிப்புகளையும் மாற்றச் சொல்கிறார். பொலிஸ் தேடி வரும் என்று அப்பா அஞ்சுகிறார். ஓவியங்கள் விற்றால் பணத்தை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் கலையின் கூர்மை மழுங்கிவிடாதா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் முதலாவதாகச் சொன்ன சிக்கலே மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஓவியத்தைக் காட்சிக்கு வைக்காதீர்கள். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்த உங்களுக்கே உரியது; அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆனால் பதிப்புரிமை என்பது பிறர் உங்கள் ஓவியத்தைப் பிரதி செய்யாமல் தடுக்கும் உரிமை. ஓவியத்தில் இருக்கும் பெண்ணின் வாழ்க்கையை அவருடைய விருப்பத்துக்கு மாறாக நான்கு பேர் முன் விரித்து வைக்கும் உரிமையை அது உங்களுக்குத் தருவதில்லை. இழப்பு ஏற்பட்டால் உங்களுக்கு ஓர் ஓவியம் குறையும். அவருக்கு வேலையும், தங்கும் இடமும், மாத முடிவில் தோட்டத்துக்கு அனுப்பும் பணமும் ஒரே நாளில் போய்விடும். வீட்டோடு தங்கி வேலை செய்பவர் வேலையை இழக்கும்போது, அன்றிரவு எங்கே படுப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருடைய முகம் ஒரு விழிப்புணர்வுப் பதாகையில் பெரிதாக அச்சாகியிருந்தது. படம் எடுக்கும்போது அவர் தலையசைத்தது உண்மை. அந்தப் படம் பதாகையாகும் என்றோ, அதைத் தன் முதலாளியம்மாவின் சகோதரி பார்ப்பார் என்றோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் நட்டஈடு கேட்கவில்லை. அந்தப் பதாகையை இறக்கிவிட முடியுமா என்று மட்டுமே கேட்டார். அதை இறக்குவதற்குள் அவர் வேலையிலிருந்து அனுப்பப்பட்டுவிட்டார். அவருடைய உரிமைக்காகவே அந்தப் பதாகை செய்யப்பட்டிருந்தது என்பதுதான் இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாமல் இருக்கிறது.

ஆகவே சம்மதத்தை ஒரே தடவையில் பெற்று முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். வரையத் தொடங்குமுன் ஒரு தடவை கேட்டிருக்கிறீர்கள். வரைந்து முடித்த ஓவியத்தை நேரில் காட்டி இன்னொரு தடவை கேட்க வேண்டும். ஏனெனில் தன்னைப் பிறர் எப்படிக் கண்டார் என்பதைப் பார்த்த பிறகே ஒருவரால் உண்மையாகச் சம்மதிக்க முடியும். சுவரில் மாட்டுவதற்கு முந்திய வாரத்தில் மீண்டும் கேட்க வேண்டும். அதற்குள் வேலை மாறியிருக்கலாம், மகளுக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். மண்டபத்தில் காட்டுவதையும் இணையத்தில் ஏற்றுவதையும் இரண்டு தனித்தனிச் சம்மதங்களாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு வருபவர்கள் சில நூறு பேர். தொலைபேசியில் பரவும் படமோ அன்று மாலைக்குள் ஹற்றனில் உள்ள உறவினர் கைக்குப் போய்விடும். கொழும்பில் தான் எங்கே படுக்கிறேன், எதை உண்கிறேன் என்பதைத் தாயிடம்கூடச் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கைச்சாத்து வாங்கி, பிரதியொன்றை அவரிடமே கொடுங்கள். விரும்பும் நாளில் விலகிக்கொள்ளலாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

பதினொரு பேரில் எவரேனும் 18 வயது நிரம்பாதவராக இருந்தால், அவரைப் பற்றிய பேச்சு கண்காட்சியைப் பற்றியதே அல்ல. தேசியச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். கண்காட்சி காத்திருக்கலாம்.

அனுமதி கேட்டால் கலையின் கூர்மை மழுங்கிவிடாதா என்று கேட்கிறீர்கள். ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி முடியும் தறுவாயில், 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று, புவனோஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் மூன்று ஓவியர்கள் முன்னின்று ஒரு காரியத்தைச் செய்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களை நினைவூட்ட, ஆளுயரத்தில் வெற்று மனித உருவங்களைக் கடதாசியில் வரைந்து நகரெங்கும் ஒட்டுவது அவர்களுடைய திட்டம். அதை அவர்கள் முதலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அன்னையரிடம் கொண்டுபோனார்கள். அன்னையர் இணங்கினார்கள், ஆனால் உருவங்களைத் தரையில் கிடத்தக் கூடாது என்றார்கள். கிடக்கும் உருவம் பிணம்; தங்கள் பிள்ளைகள் இறந்துவிட்டார்கள் என்று ஆட்சி சொல்ல விரும்புவதைக் கலைஞர்களும் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. ஆகவே உருவங்கள் சுவர்களில் எழுந்து நின்றன. சதுக்கத்தில் கூடியிருந்த பொதுமக்கள் தாங்களே தரையில் படுத்துத் தங்கள் உடலின் கோட்டை வரைய விட்டு, அந்த உருவங்களைப் பெருக்கினார்கள். கட்டடச் சுவர்களில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த உருவங்களுக்கு இருந்த வலிமை, தரையில் கிடந்திருந்தால் இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். அந்த வலிமை ஓவியர்களின் கையிலிருந்து மட்டும் வரவில்லை. இழந்தவர்களின் மறுப்பிலிருந்தும் வந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு இணையான ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் 2011இல் வெளியிட்ட, தோம்பு (பழைய காணிப் பதிவேடு) என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய கலைநூலில், போரினால் இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தைத் தம் நினைவிலிருந்து தாமே வரைந்திருக்கிறார்கள். ஓவியருடைய கோடுகள் அவற்றை அடுத்தே வருகின்றன. கிணறு எந்தப் பக்கம், சாமியறை எந்தப் பக்கம் என்று கை தடுமாறி வரையப்பட்ட அந்தக் கோடுகளின் இடத்தை எந்தத் தேர்ந்த ஓவியராலும் நிரப்ப முடியாது. உங்கள் பதினொரு பேரிடமும் ஒரு பென்சிலைக் கொடுத்து, தாம் படுக்கும் இடத்தை வரையச் சொன்னால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கீழேயுள்ள மூலை, சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையேயுள்ள பாய். அவர்கள் விரும்பினால் அந்தத் தாள்களை உங்கள் ஓவியங்களுக்கு அருகில் வையுங்கள்.

இனி அந்தக் கேற். காட்சிக்கூட உரிமையாளர் இந்த விடயத்தில் சரியாகவே சொல்கிறார். நம் நாட்டில் அவதூறு ஒரு தண்டனைக் குற்றமாக இருந்த நிலை 2002இல் நீக்கப்பட்டது. ஆனால் நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு இன்னும் இருக்கிறது. அந்த வழக்கில் பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அறிந்தவர்கள் பார்த்து ‘இது இன்னார் வீடு’ என்று கண்டுகொள்ளக்கூடியதாக இருந்தால் போதும். நாம் சொன்னது உண்மை என்பது மட்டும், இங்கே இத்தகைய வழக்குகளில் பின்பற்றப்படும் உரோம-டச்சுச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு ஆகாது. அதைச் சொன்னதில் பொதுநன்மை இருந்தது என்பதையும் நாமே காட்ட வேண்டும். உண்மையை நிரூபிக்க நீங்கள் அழைக்கக்கூடிய ஒரே சாட்சி, அந்த வீட்டில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் அந்தப் பெண்தான். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் நிலைமையை உங்கள் ஓவியம் உருவாக்கக் கூடாது.

வழக்கு வராது என்று எவரேனும் உறுதி தந்தாலும் அந்தக் கேற்றை மாற்றும்படியே நான் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட வீட்டைக் காட்டும்போது, பார்ப்பவர் அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்லி, தன் மனம் சுத்தம் என்று வெளியேறிவிடுகிறார். நீங்கள் எனக்கு அனுப்பிய படங்களுள் ஒன்றில், குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு பீங்கானும் ஒரு கோப்பையும் இருக்கின்றன. அதைப் பார்த்தபோது நான் வளர்ந்த வீட்டின் குசினி எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அந்த ஓவியத்தில் கேற்றும் இல்லை, முகவரியும் இல்லை. அதனால்தான் என்னால் அதிலிருந்து தப்ப முடியவில்லை. அந்தக் குறிப்பிட்ட வீட்டில் சம்பளம் மறுக்கப்பட்டிருந்தாலோ, அடி விழுந்திருந்தாலோ, அதற்குரிய இடம் முறைப்பாடு. அந்தப் பெண் விரும்பினால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அவரோடு நீங்களும் கூடச் செல்லுங்கள். கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்காகவே 1978இல் அது அமைக்கப்பட்டது.

விளக்கக் குறிப்புகளைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. கேற்றுக்குச் சொன்ன நியாயத்தைக் காட்டி, வீட்டுப் பணியாளரின் உரிமை பற்றிய குறிப்புகளையும் சேர்த்து நீக்கச் சொன்னால் இணங்காதீர்கள். காட்சிக்கு வைக்க மறுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. ஆனால் படைப்பைச் சிதைத்தோ மாற்றியோ காட்டுவதை எதிர்க்கும் தார்மிக உரிமையைப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தருகிறது. குறிப்புகள் படைப்பின் ஒரு பகுதியே என்பதை மண்டப ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். குறிப்புகளில் ஆவேசச் சொற்களைக் குறைத்து, செய்தியைக் கூட்டுங்கள். வீட்டுப் பணியாளர் பற்றி நம்மிடம் உள்ள பழைய சட்டம் 1871ஆம் ஆண்டினது. அது அவர்களைப் பதிவு செய்வதற்காக இயற்றப்பட்டதே தவிர, பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டதல்ல. 2011 ஜூன் 16 அன்று சர்வதேச தொழில் அமைப்பு ஏற்றுக்கொண்ட 189ஆம் இலக்கச் சமவாயமோ, வாரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும், அடையாள ஆவணங்களைப் பணியாளர் தம்மிடமே வைத்திருக்க உரித்துடையவர் என்றும் சொல்கிறது. அடையாள அட்டையை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்ட பெண்ணின் ஓவியத்துக்கு அடியில் அந்த ஒரு விதியை மட்டும் எழுதினாலே போதும்.

உங்கள் தந்தையின் அச்சத்தை வீண் அச்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் பிரசைகளுக்கு உறுதிப்படுத்துகிறது. இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம், அந்தச் சுதந்திரம் கலை வடிவத்தையும் உள்ளடக்கும் என்று தன் 19ஆம் உறுப்புரையில் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியிருந்தும், அதே சமவாயத்தின் பெயரால் 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அந்தச் சட்டத்தில் நீதவானால் பிணை வழங்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். மன்னார் மாவட்டத்துத் தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தம் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதத்தில் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டு, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலை செய்யப்பட்டார். இருவர் மீதான வழக்கும் நிலைக்கவில்லை. ஆனால் இழந்த மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது இருப்பதால், இணையத்தில் எதை ஏற்றுவது என்பதை நிதானமாகத் தீர்மானியுங்கள்.

அந்த எழுத்தாளர்கள் இருவர் மீதும் பாய்ந்த சட்டப் பிரிவுகள் இன, மதப் பகைமையையும் வன்முறையையும் தூண்டுவதைப் பற்றிப் பேசுபவை. உங்கள் ஓவியங்களோ உழைப்பைப் பற்றியவை. ஓவியக் கண்காட்சிக்கு, மேடை நாடகத்துக்கு இருப்பதுபோல முன்கூட்டிய அனுமதி முறையும் கிடையாது. எனவே உங்கள் கண்காட்சிக்கான ஆபத்து குறைவு என்றே நான் மதிப்பிடுகிறேன். இருந்தாலும் கவிஞரின் வழக்கு எனக்கு ஒன்றைக் கற்பித்தது: தமிழில் எழுதப்பட்ட ஒன்று தீர்ப்பவர்களின் மேசைக்குப் போகும்போது அது மொழிபெயர்ப்பாகவே போகிறது, அந்த மொழிபெயர்ப்பை யார் செய்கிறார் என்பதில் ஒரு மனிதரின் விதி தங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் நல்ல சிங்களத்தில் நீங்களே செய்வித்து, தமிழோடு சேர்த்துச் சுவரிலேயே வையுங்கள். கொழும்பில் இந்த ஓவியங்களைப் பார்க்க வேண்டியவர்களுள் பலர் சிங்களம் வாசிப்பவர்கள் என்பதால், பாதுகாப்பு இல்லாவிட்டாலும் அது செய்யப்பட வேண்டியதே.

கலைஞர் தமக்குத் தகவல் தந்தவரை வெளிப்படுத்த மறுக்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பை நம்பியிருக்காதீர்கள். உங்கள் குறிப்பேட்டிலும் ஒலிப்பதிவுகளிலும் உண்மைப் பெயர்கள் இருந்தால், இன்றே அவற்றை அடையாள எண்களாக மாற்றி, எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். அதிகாரி எவரேனும் வந்தால் மரியாதையோடு அவருடைய பெயரையும் பதவியையும் எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதையாவது எடுத்துச் சென்றால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தவணை தவறியதால் நல்ல வழக்குகள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் நாட்காட்டியில் இதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தந்தது, ஏனெனில் பலர் அதைக் கேட்பதே இல்லை. அந்தப் பெண்கள் உங்களுக்காக உட்கார்ந்தது தங்கள் ஒரே விடுமுறை நாளில். ஓவியம் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த நாட்களுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். அது உழைப்புக்கான கூலி, சம்மதத்துக்கான விலை அல்ல என்பதை எழுத்திலும் தெளிவாக்குங்கள். விற்பனைத் தொகையில் எவ்வளவு பங்கு, அது தனித்தனியாகவா பொதுவாகவா என்பதை அவர்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். இன்னொன்றையும் அவர்களிடம் கேட்க வேண்டும். கொழும்பில் இந்த விலைக்கு ஓவியம் வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இத்தகைய பணிப்பெண்களை வைத்திருக்கும் வீடுகளில் வசிப்பவர்களே. தன் உருவம் எவருடைய வரவேற்பறையிலோ தொங்குவதில் அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா? சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். சிலர் மறுப்பார்கள். மறுத்தவர்களின் ஓவியங்களுக்கு ‘விற்பனைக்கு அல்ல’ என்ற சீட்டை ஒட்டுங்கள்.

கடைசியாக, விலகிக்கொண்ட பெண்ணின் இடத்தில் வெறும் சட்டகத்தைத் தொங்கவிடும் எண்ணம். கலை என்ற வகையில் அது வலுவான எண்ணம்தான். ஆனால் அந்த வெற்றுச் சட்டகமும் அவரைப் பற்றியதே. அங்கே ஒருத்தி இருந்தாள், பயந்து விலகினாள் என்று அது ஊருக்குச் சொல்லும். அதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள். வேண்டாம் என்றால் பத்து ஓவியங்களையும் அந்தச் சுவர் முழுவதற்கும் சீராகப் பிரித்து மாட்டிவிடுங்கள். திறப்பு விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மண்டபத்தை அவர்களுக்காக மட்டும் திறந்து வைக்க முடியுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். இரவு ஆவதற்குள் அவர்கள் வீடு திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு மணிக்கே தொடங்குவது நல்லது. விலகியவரையும் அழையுங்கள், அவருடைய ஓவியத்தைத் துணி போர்த்தி உள்ளறையில் வைத்திருந்து, பார்க்க விரும்பினால் அவருக்கு மட்டும் காட்டுங்கள். அன்று எவரேனும் மனம் மாறினால் அதற்கேற்ப மாற்றி மாட்டுவதற்கு ஓர் இரவாவது கையில் இருக்கும். மண்டப ஒப்பந்தத்தில் கைச்சாத்திடுமுன் அதன் வரைவையும், சிங்களக் குறிப்புகளோடு சேர்த்து, எனக்கு ஒருமுறை அனுப்பி வையுங்கள்.